இடப்பக்கத்துப் பூ

இது நடந்தது. போன நவம்பரில், அந்தமானில், போர்ட் பிளேர் டாலிகஞ்சில். பேய் என்றாலே பாழடைந்த பங்களா, நடுச்சாமம், நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்து போவார்கள். இது தகரக் கூரை போட்ட வாடகை வீடு. நேரமும் சாயங்காலம்தான், பக்கத்து வீட்டில் ஹிந்தி சீரியல் அலறிக்கொண்டிருக்கும் நேரம். சந்தேகம் இருந்தால் சுகுணாவிடமே போய்க் கேளுங்கள். கையில் பூ மட்டும் கொண்டு போகாதீர்கள்.

சுகுணா நர்ஸ். பிறந்த குழந்தைகள் வார்டில் ஆறு வருடமாக வேலை. ஒரு மழைக்காலத்தில் குறைமாதக் குழந்தை ஒன்று அவள் கையிலேயே அடங்கிப்போனது. அன்றைக்குப் பிடித்தது அவளை அந்த நினைப்பு. இப்படிப்பட்ட குழந்தைகளைப் பிழைக்க வைக்கிற படிப்பைப் படிக்க வேண்டும், மாரியாத்தா தன்னைப் பிறக்க வைத்ததே அதற்குத்தான் என்று நினைத்தாள். எழுதிப் போட்டாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இடமும் கிடைத்துவிட்டது. இரண்டு வருடப் படிப்பு. சனிக்கிழமை ஆறு மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை கப்பல்.

இடம் கிடைத்த பிறகுதான் அம்மாவின் நினைப்பு வந்தது. அம்மா அங்கம்மாவுக்குச் சர்க்கரை. இரண்டு முறை அடுப்படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். அப்பா போன பிறகு அவளுக்கு சுகுணாவை விட்டால் யாருமில்லை. தன்னைக் கூப்பிடுவது ஆத்தாவா, இல்லை தன் ஆசையேதானா? சுகுணாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊசி போடும்போதுகூட அதே யோசனை.

"எதுக்கு இப்புடி ஒழப்பிக்கிட்டுக் கெடக்குற?" என்றாள் அங்கம்மா. "ஆத்தாகிட்டக் கேளு. பூ வச்சுக் கேப்போம்."

அங்கம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதிலேயே கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவள். தோட்டத்து ஜனங்களுக்குக் கோபுரம் தேவையில்லை. மரத்தடியில் ஒரு கல், அதன்மேல் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் போதும், அது மாரியாத்தா. மஞ்சள் பட்ட கல்லைப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் நகர்ந்தால் அவள் அங்கம்மாவே இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்றே கொல்லையில், பூவரச மரத்தடியில், அப்படி ஒரு கல்லைக் கண்டுபிடித்துவிட்டாள். முழங்கால் உயரம். மஞ்சள் கறை. முன்னால் கவிழ்ந்து கிடந்த ஒரு மண்சட்டி. சட்டியை எடுத்துப்போட்டுவிட்டு, இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

பூ கேட்கிற முறை உங்களுக்கும் தெரிந்திருக்கும். அம்மனின் இரண்டு தோளிலும் சந்தனத்தைத் தொட்டு ஒவ்வொரு பூ ஒட்ட வேண்டும். மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டு வாய் பேசாமல் உட்கார வேண்டும். அம்மனுடைய வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் போ என்று உத்தரவு. இடப்பக்கத்துப் பூ விழுந்தால் போகாதே.

வியாழக்கிழமை. நம் ஊரில் நவம்பரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அம்மாவும் மகளும் சிவப்பு அரளி இரண்டை ஒட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

அதிக நேரம் ஆகவில்லை. இடப்பக்கத்துப் பூ விழுந்தது.

அங்கம்மா மூச்சு விட்டாள். அவளுக்குள் ஒரு நிம்மதி. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. சுகுணாவுக்குப் போகத்தான் ஆசை. எழுந்திருக்கும்போது ஒன்று கவனித்தாள். விழுந்த பூ கல்லின் அடியில் இல்லை. ஒரு முழம் தள்ளி, அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகக் கிடந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மரத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை.

"ஒரு தரந்தான் கேக்கணும் புள்ள. ஆத்தா சொல்லிட்டா. வுட்டுரு," என்றாள் அங்கம்மா.

விடத்தான் முடியவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து சுகுணா மறுபடியும் பூ வைத்தாள். இந்த முறை வெள்ளை நந்தியாவட்டை. வேண்டிக்கொண்டு கண்ணை மூடினாள்.

சர்ர்ர்... தப்.

கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். அம்மா அங்கேதான் இருக்கிறாள்.

சர்ர்ர்... தப்.

யாரோ ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலை இழுத்து இழுத்து நடக்கிற மாதிரி. சத்தம் மரத்துக்குப் பின்னால் வந்து நின்றது. மூக்கில் ஏறியது ஒரு தைல வாசனை. அவள் வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை.

இடப்பக்கத்துப் பூ விழுந்தது. இந்த முறை அவள் மடியில்.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை. பயம் ஒரு பக்கம் என்றால், கோபம் இன்னொரு பக்கம். ஆத்தா வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால், அந்தக் குழந்தை செத்த நாளிலிருந்து இந்த ஆசையை ஏன் மனதில் வளரவிட்டாள்? தனக்கு எதிராகத் தானே பேசுவாளா ஒரு சாமி?

சனிக்கிழமை அங்கம்மா ஷாதிபூருக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டாள். சுகுணா டூட்டி முடிந்து வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்கு நடந்து, பாதியில் திரும்பி வந்து கழற்றினாள். ஐந்தேகால். இன்னும் முக்கால் மணி நேரத்தில் போன் பண்ணியாக வேண்டும்.

செய்யக் கூடாததை அன்றைக்குச் செய்தாள். இடப்பக்கத்துப் பூவுக்குச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பி அழுத்தி ஒட்டினாள். வலப்பக்கத்துப் பூவைச் சும்மா ஒப்புக்கு வைத்தாள், ஊதினால் விழுகிற மாதிரி. சாமியையே ஏமாற்றுகிறோம் என்று தெரிந்துதான் செய்தாள். உள்ளுக்குள் அவ்வளவு ஆசை.

"ஆத்தா, நான் போகட்டுமா?"

கரண்ட் போனது. பக்கத்து வீட்டு சீரியல் பாதி வசனத்தில் நின்றது. அகல் விளக்கு மட்டும்தான் வெளிச்சம்.

சர்ர்ர்... தப்.

சர்ர்ர்... தப்.

தைல வாசனை. கூடவே கனத்த மூச்சு. ரொம்ப தூரம் நடந்து வந்த கிழவியின் மூச்சு...

வலப்பக்கத்துப் பூ அசைந்தது. சுகுணா முன்னால் குனிந்தாள். அது நடுங்கியது. ஆனால் விழவில்லை. யாரோ அதைத் தொட முயன்று முயன்று முடியாமல் போகிற மாதிரி...

பிறகு அது அடங்கியது.

இடப்பக்கத்துப் பூ மெல்ல எழும்பியது.

விழவில்லை. எழும்பியது. ஒட்டியிருந்த சந்தனம் பெயர்ந்து உதிர்ந்தது. காம்பை இரண்டு விரல் பிடித்த மாதிரி காம்பு நசுங்கியது. விரல் தெரியவில்லை.

பூ காற்றில் அவளை நோக்கி வந்தது...

அவள் முகத்துக்கு நேராக நின்றது...

விழுந்தது.

சுகுணா எப்படி வீட்டுக்குள் வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கதவைத் தாழ் போட்டாள். ஐந்து ஐம்பத்தைந்துக்குச் சென்னைக்குப் போன் செய்தாள். "ஸாரி மேடம். என்னால வர முடியாது," என்றாள். காரணம் கேட்டார்கள். வீட்டு நிலைமை என்று சொன்னாள். வேறு என்ன சொல்வாள்? மூன்று முறை கேட்டாகிவிட்டது. மூன்று முறையும் ஒரே பதில். இதற்கு மேலும் அடம்பிடித்தால் அது ஆணவம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை வார்டில் நின்றபடி கப்பல் ஊதும் சத்தத்தைக் கேட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு குழந்தைக்கு டயப்பர் மாற்றினாள்.

அடுத்த வாரம் வீட்டுக்காரர் ஜெகநாதன் வந்தார். தாத்தா காலத்திலிருந்து தீவுக்காரர்கள். பதினோரு வருடம் மெயின்லேண்டில் இருந்துவிட்டு, போன மாதம்தான் திரும்பி மரைன் ஹில்லில் குடியேறியிருந்தார். அதுவரை வீட்டைப் பார்த்துக்கொண்டது அவர் மைத்துனர். தண்ணீர் டேங்க் ஒழுகுகிறது என்று பார்க்கக் கொல்லைக்குப் போனவர் மரத்தடியில் அப்படியே நின்றுவிட்டார்.

"அரே... இந்தக் கல்லை யாரும்மா கும்பிடறது?"

"நாங்கதான் சார். மாரியாத்தா," என்றாள் சுகுணா.

அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். சட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"மாரியாத்தா இல்லம்மா. இது எங்கம்மாவுக்குக் கருமாதிக்கு நட்ட கல்லு."

சுகுணா கல்லை விட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"பத்தாம் நாள் பிடுங்கிக் கடல்ல போடணும். என்ன பண்றது, கப்பல் தேதியை ஒன்பதாம் நாளுக்கு மாத்திட்டான். அந்தக் கப்பலை விட்டா டிக்கெட் கிடையாது, அங்க புது வேலை போயிடும். வந்து எடுத்துக்கலாம், டீக் ஹைன்னு ஏறிட்டேன். வரவே முடியல."

கல்லுக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த சட்டி செத்தவருக்குப் படையல் வைத்தது என்று அவர் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. பிறகு சுகுணாதான் கேட்டாள்.

"உங்கம்மா... யாரும் இங்கேருந்து போறது அவங்களுக்குப் பிடிக்காதா சார்?"

"சேச்சே. நான்தான் மெயின்லேண்டு போக மாட்டேன்னு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். போடா, போய்ப் பொழைச்சுக்கோன்னு பிடிச்சுத் தள்ளினதே அவதான். யாரு படிக்கப் போறேன்னு சொன்னாலும் பூ எடுத்துக் குடுத்துத்தான் அனுப்புவா."

"பூவா?"

"ஆமாம்மா. கையில பூ வச்சா அவ ஆசீர்வாதம் பண்ணிட்டான்னு அர்த்தம்." ஜெகநாதன் கல்லைப் பார்த்துக்கொண்டே தன் வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "பாவம், பக்கவாதம். கடைசி நாலு வருஷம் வலது கை எழும்பவே இல்ல. எதை எடுத்தாலும் இடது கையாலதான் எடுத்துக் குடுப்பா."

சுகுணா கல்லின் இடப்பக்கத்தைப் பார்த்தாள். சென்னையில் அவள் இடத்தில் வேறொரு பெண் சேர்ந்து ஐந்து நாள் ஆகியிருந்தது.