பழைய கம்ப்யூட்டரும் சிஸ்டம் ரூம் சிரிப்பும்

சில வருஷங்களுக்கு முன்பு, வில்லியனூர் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. கடைசி செமஸ்டர் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆறப்போட்டு எழுதலாம் என்று இத்தனை நாள் சும்மா இருந்தேன். ஆறுகிற மாதிரி தெரியவில்லை. அதனால் சூட்டோடேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் பக்கம் ஒரு கிராமம். பஸ் நேரம் ஒத்துவராததால் நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா திருபுவனையில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் வேலை பார்த்தார். அந்த ஃபேக்டரியில் ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது, பழையதை வேண்டும் என்கிற தொழிலாளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மாதான் முதலில் கை தூக்கினாராம். "உனுக்கு இன்னாத்துக்குக் கம்ப்யூட்டரு, சாம்பார்ல போடவா?" என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் அடித்திருக்கிறார்கள். அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பெண்ணுக்கு என்று சொல்லி, மானிட்டரும் பெட்டியுமாகக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு வருஷம் அது எங்கள் வீட்டில் இருந்தது. கொஞ்சம் மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். என் ப்ராஜெக்ட் முழுவதையும் லீவு நாட்களில் அதில்தான் செய்தேன். கடைசி செமஸ்டருக்கு அதை ஹாஸ்டலுக்கே தூக்கிக்கொண்டு வந்தேன். காரணம் கல்லூரி போட்ட ஒரு புது விதி. ப்ராஜெக்டைக் கல்லூரியின் சொந்த சைட்டில்தான் ஏற்ற வேண்டும். அந்த சைட் கேம்பஸ் நெட்வொர்க்கில் மட்டும்தான் திறக்கும். அதிலும் அவரவர் பெயரில் பதிவு செய்த அவரவர் மெஷினிலிருந்துதான் ஏற்ற முடியும். காப்பி அடிக்காமல் இருக்க இப்படி ஒரு ஏற்பாடாம். குறித்த நாளுக்குள் ஏற்றவில்லையென்றால் ப்ராஜெக்ட் மார்க் கிடையாது, அந்த வருஷம் போச்சு.

மற்றவர்களிடம் லேப்டாப் இருந்தது, வைஃபையில் பதிவு செய்து வேலையை முடித்துவிட்டார்கள். என் பெட்டியில் வைஃபை கிடையாது. ஆனால் ஹாஸ்டலின் ஒவ்வொரு அறையிலும் சுவரில் நெட் கேபிள் செருகுகிற ஒரு ஓட்டை இருந்தது. கட்டிடம் கட்டியபோது வைத்தது. யாரும் தொடாததால் அதில் கரப்பான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. அதில் கேபிள் போட்டால் வேலை நடக்கும் என்று நினைத்து, மெஷினைப் பதிவு செய்யச் சொல்லிக் கேட்க, கேம்பஸ் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டம் ரூமுக்குப் போனேன்.

அந்த ரூமின் பொறுப்பில் ஒரு சார் இருந்தார். சுழல் நாற்காலியில் சாய்ந்தபடியே, எந்த மாடல் என்று கேட்டார். சொன்னேன். "மியூசியத்துலேர்ந்து எடுத்துனு வந்தியா?" என்றார். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பழைய மெஷினைப் போட்டால் வைரஸ் வந்து கேம்பஸே படுத்துவிடும், ஒரு லேப்டாப் வாங்கிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார். பழைய மெஷின் கூடாது என்று விதியில் எங்கே சார் இருக்கிறது என்று கேட்டேன். "நான் சொல்றன்ல, அதான் விதி" என்றார்.

லேப்டாப் வாங்கு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். ஏதோ கடையில் போய் அரை கிலோ தக்காளி வாங்குகிற மாதிரி.

எங்கள் துறை மேடத்திடம் சொன்னேன். அவர் போன் போட்டுப் பேசியதும் அந்த சார் வேண்டா வெறுப்பாக என் மெஷினைப் பதிவு செய்தார். வில்லியனூர் கடைத்தெருவில் கேபிள் வாங்கி வந்து, கரப்பானை விரட்டிவிட்டு, ஒரு முனையைச் சுவரிலும் மறு முனையை மெஷினுக்குப் பின்னாலும் செருகினேன். சுவர்ப் பக்கம் டக்கென்று பிடித்துக்கொண்டது. மெஷின் பக்கம் அந்தச் சத்தம் வரவில்லை. கட்டில் இடுக்கில் குனிந்து பார்க்க இடமில்லை, பழையதுதானே, இறுக்கமாக இருக்கும் என்று அழுத்தி விட்டேன். நெட் வந்தால் மெஷினுக்குப் பின்னால் எரிய வேண்டிய பச்சை லைட் எரியவில்லை. சைட் திறக்கவில்லை.

சிஸ்டம் ரூமுக்குப் போன் செய்து, ஒருவரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் சார் என்றேன். "லைன்ல ஒண்ணும் இல்லம்மா. உன் மெஷின் டெட். நான் அன்னைக்கே சொன்னன்ல?" என்று வைத்துவிட்டார். நாள் போனது. ஒவ்வொரு நாளும் இதே பதில்தான். ஹாஸ்டலுக்கும் சிஸ்டம் ரூமுக்கும் நடுவில் ஒரு கிரவுண்டுதான். அதைத் தாண்டி வந்து மெஷினை ஒரு தடவை பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. பார்க்காமலேயே செத்துப்போச்சு என்று சொல்லிவிட அவரால் முடிந்தது.

ஏற்றுவதற்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் என் அறைத்தோழிக்கே பொறுக்கவில்லை. அவள் கடற்கரைப் பக்கத்துப் பெண். அவள் வீட்டில் மீன் வியாபாரம், வாய்க்குப் பயம் கிடையாது. "அவுரு வரலன்னா இன்னாடி, நாம தூக்கினு போவோம்" என்று ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பின்னால் உட்கார்ந்து பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டேன். நேராகப் போய் அந்த சாரின் மேஜைமேல் வைத்தோம். டீ டம்ளரை நகர்த்துவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

அப்போதுதான் முதல்முறையாக அவர் அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். போனில் டார்ச் போட்டார். ஒரு குண்டூசியால் கேபிள் செருகும் ஓட்டையைச் சுரண்டினார். மஞ்சளாக ஏதோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரலில் எடுத்து மோந்து பார்த்தார். அடுத்த நிமிஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சந்தனம்டா! நெட் போர்ட்டுக்குப் பொட்டு வெச்சிகிறாங்கடா!"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஃபேக்டரி கேன்டீனில் கிரைண்டர், அடுப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பவர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கை படுகிற இடத்தில் வைக்கமாட்டார். சாமிக்கு வைத்ததைக் கை அழிக்கக் கூடாது என்பார். வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அப்படித்தான் இடம் தேடியிருக்கிறார். பின்னால் எல்லா ஓட்டையிலும் ஒயர் இருக்கிறது, ஒன்று மட்டும் எப்போதும் காலி. எங்கள் வீட்டில் நெட் ஏது? அது உபயோகமில்லாத ஓட்டை என்று நினைத்துச் சந்தனத்தை நன்றாகக் குழைத்து அதில் அப்பி, மேலே குங்குமம் வைத்திருக்கிறார். குங்குமம் உதிர்ந்துவிட்டது. சந்தனம் உள்ளே காய்ந்து இறுகிவிட்டது.

சார் சிரிப்பை நிறுத்தவில்லை. "யாருமா இது, உங்க அம்மாவா? இன்னா படிச்சிகிறாங்க?" என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்த அந்த இரண்டு பேரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். "குரூப்ல போட்டா காலேஜே சிரிக்கும்" என்று சொல்லிக்கொண்டே சார் போட்டோ எடுத்தார்.

அவமானத்தில் முகம் கொதித்தது. அழுதுவிடுவேனோ என்று பயந்து, அவர்களைப் பார்க்காமல் கண்ணை வேறு பக்கம் திருப்பினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மொத்தக் கேம்பஸுக்கும் நெட் கொடுக்கிற சர்வர் ரேக் நின்றது. ஆள் உயரம். அதன் கதவில் மூன்று பட்டை விபூதி, நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குச் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். மேலே காய்ந்துபோன சாமந்தி மாலை.

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

"சார், அது இன்னா சார்?" என்று கையைக் காட்டிக் கேட்டேன்.

திரும்பிப் பார்த்தார். "அது... ஆயுத பூஜைக்கு வெச்சதும்மா."

"யாரு வெச்சது?"

"நான்தான்."

"எங்கம்மா வெச்சதும் ஆயுத பூஜைக்குத்தான் சார். நீங்க இன்னா படிச்சிகிறீங்க?"

அறைத்தோழி என் முதுகில் கை வைத்தாள். நான் நகரவில்லை. "அந்த போட்டோவ என் கண்ணு முன்னாடி அழிங்க சார்" என்றேன். முதலில் விளையாட்டுக்குத்தான் எடுத்தேன் என்றார். நான் அப்படியே நின்றேன். அழித்தார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் எனக்கு ஆறாதது அதுதான். அம்மா இடம் தவறி வைத்தது நிஜம், வேலை கெட்டதும் நிஜம். ஆனால் இவர் வைத்தால் பக்தி, கேன்டீன்காரம்மா வைத்தால் கைநாட்டு என்பது எந்த ஊர் நியாயம்?

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் வைத்து அவரே சுத்தம் செய்தார். கேபிளைச் செருகினார், டக்கென்று பிடித்தது. பச்சை லைட் எரிந்தது. செத்துப்போச்சு என்று போனிலேயே தீர்ப்புச் சொன்ன மெஷின் அங்கேயே அவர் மேஜைமேல் நெட்டில் ஓடியது. வைரஸ் வந்து கேம்பஸ் ஒன்றும் படுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் என் அறையிலிருந்தே ப்ராஜெக்டை ஏற்றினேன். சாயங்காலம் அம்மா போன் செய்து, "நல்லா ஓடுதா பொட்டி?" என்று கேட்டார். நல்லா ஓடுதும்மா என்று மட்டும் சொன்னேன்.

பாஸாகி, வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு லேப்டாப் வாங்கினேன். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து, எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். மூடியின் நட்டநடுவைக் காட்டினேன்.

"ஆபீஸ்ல நாலு பேரு பாத்து சிரிக்கப் போறாங்கடி" என்றார்.

"சிரிக்கட்டும்மா. நான் கேட்டுக்கிறன்" என்றேன்.

எம்.எஸ்ஸி.யில் படித்ததில் பாதி மறந்துவிட்டது, ஆனால் அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை நின்று திருப்பிக் கேட்கலாம் என்று அந்த சிஸ்டம் ரூமில் தெரிந்துகொண்டது மட்டும் எனக்கு மறக்கவே மறக்காது.