மூர்த்தியின் பயத்தங்காய்ப் பந்தல்

பிரேமலாவுக்கு உடம்பில் தடிப்பு வந்தபோது அந்தத் தாமான் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கிருஷ்ணம்மா கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"இது கரப்பான்தாம்மா. சூட்டுல வர்றது. கத்திரிக்கா, இறால், கருவாடு ஒண்ணும் தொடாத. நண்டு பக்கம் திரும்பிக்கூடப் பாக்காத."

தோலில் அரிப்போ தடிப்போ எது வந்தாலும் நம் ஆட்களுக்கு அது கரப்பான். அப்படிப் பெயர் வைத்தாகிவிட்டால் அடுத்து வாயைக் கட்ட வேண்டியதுதான், வேறு யோசனையே கிடையாது. பிரேமலாவும் கட்டினாள். முதலில் கத்திரிக்காய் போனது, பிறகு இறால், பிறகு முட்டை. அரிப்பு மட்டும் எங்கேயும் போகவில்லை. கழுத்தைச் சுற்றிச் சிவந்து தடித்திருந்தது. முன்கைகளில் திட்டுத்திட்டாக எழும்பியிருந்தது. காலையில் எழுந்தால் கண்ணிமை வீங்கியிருக்கும், தும்மல் விடாமல் வரும். ரசத்தையும் சோற்றையும் தின்று தின்று அவளுக்கு யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றியது.

அரிப்பைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். வேலை போய்விடும் போலிருந்ததுதான் வதைத்தது. குளுவாங்கில் ஒரு பாலர் பள்ளியில் அவள் உதவியாளர். எஸ்டேட்டில் பிறந்து, படிப்பு பாதியில் நின்று, செனாய் தொழிற்சாலையில் வருடக்கணக்காக ஷிப்டு பார்த்தவள். அங்கே கண்ணும் முதுகும் கெட்டதுதான் மிச்சம். ஐம்பதை நெருங்கும் வயதில்தான் இந்த வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுவாள், அவிழ்ந்த சடையைப் பின்னிவிடுவாள், நனைத்துக்கொண்டு விழிப்பவர்களை யாருக்கும் தெரியாமல் கூட்டிப் போய் உடை மாற்றிவிடுவாள். காலையில் அவள் கேட்டைத் திறந்ததும் "பிரேமா ஆண்ட்டி" என்று ஒரு கூட்டமே ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். அவளுக்கும் கணவர் மூர்த்திக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதில்லை, அந்த வேலையைப் பற்றித்தான் ஓயாமல் பேசுவாள்.

ஒரு தாய் பள்ளி வாசலிலேயே கேட்டுவிட்டாள். "டீச்சர், அந்த ஆண்ட்டி கையில என்னமோ இருக்கே, பிள்ளைங்களுக்கு ஒட்டிக்காதா?" பேச்சு அவளோடு நிற்கவில்லை. பெற்றோர் வாட்சாப்பில் ஏறி, அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது. மறுநாள் பள்ளியை நடத்தும் சாந்தினி பிரேமலாவைத் தனியாக அழைத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க லா. பேரண்ட்ஸ் வாய மூட முடியல. நீங்க வீட்டுல நல்லா ரெஸ்ட் எடுங்க. மாசக் கடைசிக்குள்ள சரியாயிட்டு வந்துடுங்க, அதுவரைக்கும் ஒரு பொண்ண வெச்சு ஓட்டிக்கிறேன்."

"மாசக் கடைசியில வந்துடுவேன். என் எடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க டீச்சர்."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்லக்கா." சாந்தினி நல்லவள்தான். ஆனால் அதைச் சொன்னபோது அவள் பிரேமலாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் இருந்து ஓய்வெடுக்கச் சொன்னார்களே, அந்த வீட்டில்தான் வினையே இருந்தது. அப்போது அது யாருக்கும் தெரியாது.

அவர்களுடையது வரிசைக் கடைசியில் இருந்த கோர்னர் வீடு. பக்கத்தில் இருந்த துண்டு நிலத்தில் மூர்த்தி பயத்தங்காய்ப் பந்தல் போட்டிருந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு அதுதான் இப்போது உலகம். கொடி சமையலறைச் சுவரைத் தொட்டுக்கொண்டு சன்னல் வரைக்கும் ஏறியிருந்தது. தாமான் முழுக்கக் காய் கொடுப்பார், கோயிலுக்கும் கொடுப்பார். காயோடு கூடவே நாற்றப்பூச்சியும் வந்தது. பழுப்பு நிறம், கேடயம் மாதிரி முதுகு, கட்டைவிரல் நகம் அளவு. பொழுது சாய்ந்து வாசல் விளக்குப் போட்டதும் பறந்து வந்து சுவரில் அப்பிக்கொள்ளும். கண்ணாடிச் சன்னல் இடுக்கு வழியாக நுழைந்து திரைச்சீலை மடிப்பிலும் சாமிப் படங்களுக்குப் பின்னாலும் குடியேறும். தெரியாமல் கை பட்டால் போதும், அழுகிய கொத்தமல்லித் தழை மாதிரி ஒரு வீச்சம் வீட்டையே நிறைக்கும். பந்தலை ஒட்டித்தான் துணி உலர்த்தும் கொடியும் இருந்தது.

பிரேமலாவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருநாள் கணவரிடம் கேட்டாள்.

"என்னங்க, இந்தப் பூச்சியாலதான் எனக்கு இப்படி ஆகுதோ?"

"அது கடிக்குதா?"

"கடிக்கல."

"கொட்டுதா?"

"கொட்டவும் இல்ல."

"அப்புறம் என்னா? நாறுது, அவ்வளவுதான். நாத்தத்துக்கெல்லாம் உடம்பு தடிக்குமா? நீ வாயக் கட்டு, எல்லாம் சரியாயிடும்."

கடிக்காத பூச்சி மேல் எப்படிப் பழி போடுவது? கிளினிக்குக்குப் போனாள். காத்திருந்த நேரத்தில் ஒரு பானை சோறு வடித்து இறக்கியிருக்கலாம், ஆனால் உள்ளே இருந்தது தும்மி முடிக்கும் நேரம்தான். ஒரு களிம்பு, கொஞ்சம் மாத்திரை, சொறியக் கூடாது என்று ஓர் அறிவுரை. மாத்திரை சாப்பிட்டால் தூக்கம் வந்தது. எழுந்தால் அரிப்பு மறுபடி தயாராக இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், சாமிப் படங்களைத் துடைத்துச் சாம்பிராணி காட்டும் வெள்ளிக்கிழமைகளில்தான் அது அதிகமானது. கிருஷ்ணம்மாவிடம் இதைச் சொன்னது பிரேமலா செய்த தப்பு.

"வெள்ளிக்கெழம கூடுதா? அப்பன்னா இது வெறும் கரப்பான் இல்லம்மா, கண்ணூறு. சாம்பிராணி நல்லா போடு. கதவு சன்னலெல்லாம் சாத்திட்டுப் போடு, பொக உள்ளயே நிக்கணும்."

அன்றிலிருந்து பிரேமலா வீட்டை அடைத்துக்கொண்டு சாம்பிராணி போட்டாள். புகை பட்டதும் படத்துக்குப் பின்னாலிருந்து பூச்சிகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன. அதைப் பார்த்து அவளுக்கு ஒரு திருப்தி. சனியன்கள் ஒழிந்தன என்று செருப்பால் அடித்து நசுக்கி, ஈர்க்குமாற்றால் கூட்டி, ஒட்டிக்கொண்டதைக் கையாலேயே எடுத்துப் போட்டாள். வீடு சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அந்தக் கையாலேயே கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள். அன்று மாலையே கண் இரண்டும் வீங்கிவிடும். அடுத்த வெள்ளிக்கு இன்னும் கொஞ்சம் சாம்பிராணி கூட்டிப் போடுவாள்.

மாசாய் ஊரில் இருந்த தங்கை ஷாமளா போனில் அக்காவின் குரலைக் கேட்டுவிட்டு, "கெளம்பி வா, ஒரு வாரம் இங்க இரு" என்றாள். ஷாமளாவின் வீடு அடுக்குமாடியில் மேல் தளத்தில் இருந்தது. செடியும் இல்லை, கொடியும் இல்லை. சன்னலைத் திறந்தால் பாசிர் கூடாங் பக்கத்துப் புகைபோக்கிகள்தான் தெரியும். போய் இறங்கிய இரண்டு மூன்று நாளில் தடிப்பு அடங்கத் தொடங்கியது. இவ்வளவு நாள் வாயைக் கட்டியதற்கு இப்போதுதான் பலன் வருகிறது என்று நினைத்தாள். அன்று ஷாமளா நண்டுக் கறி வைத்தாள்.

"எனக்கு வேணாம்டி. கரப்பான் பண்டம்."

"அலமாக், மூஞ்சியப் பாரு, எலும்பா போயிட்ட. ஒரே ஒரு காலாவது தின்னு லா. அரிச்சா என்னைத் திட்டு."

வாசம் அவளை விடவில்லை. ஒரு காலில் தொடங்கியவள் சட்டியைக் காலி செய்துவிட்டாள். தங்கையைத் திட்ட வேண்டி வரும் என்று ராத்திரி முழுக்கக் கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் மறுபடி நண்டு வாங்கி முட்டையோடு சேர்த்துச் சாப்பிட்டாள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வருவதற்குப் பதில் கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வாரம் எதற்காக ரசச் சோறு தின்றேன் என்று யாரையாவது பிடித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது.

வழித்த மாதிரி சுத்தமான தோலோடு குளுவாங்குக்குத் திரும்பினாள். மாதம் முடிய இன்னும் நாள் இருந்தது. மறு வாரமே பள்ளிக்கு வந்துவிடுவதாகச் சாந்தினிக்கும் சொல்லிவிட்டாள். வந்த நாள் வெள்ளிக்கிழமை. துணிக்கொடியில் காய்ந்து கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, வழக்கம்போல வீட்டை அடைத்துச் சாம்பிராணி போட்டாள். அவள் இல்லாத நாட்களில் பூச்சிகள் வீட்டைத் தங்கள் பெயருக்கே எழுதிக்கொண்டிருந்தன. விழுந்ததையெல்லாம் நசுக்கினாள். கூட்டி முடிப்பதற்குள் உதடு தடித்தது. நெஞ்சு இறுகி, மூச்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. பந்தலில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த மூர்த்தியைக் கூப்பிடக் குரல் வரவில்லை. சன்னல் கண்ணாடியைக் கையால் அடித்தாள். அவர் நிமிர்ந்து பார்த்து, குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஊசி போட்டு, மூக்கில் ஆவி மருந்து வைத்தார்கள். மூச்சு சீரானதும் ஓர் இளம் மலாய் டாக்டரம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காமல், எங்கே இருந்தால் கூடுகிறது, எங்கே போனால் குறைகிறது என்று கேட்டாள். அப்போது பிரேமலாவின் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு நாற்றப்பூச்சி ஊர்ந்து வெளியே வந்தது. மூர்த்தி பாய்ந்து அதை நசுக்கப் போனார்.

"நசுக்காதீங்க!" என்று டாக்டர் மலாயில் அதட்டிவிட்டு, ஒரு காகிதக் கோப்பையால் அதை மூடினாள். "இதுதான் உங்கள் வீட்டில் இருக்கிறதா?"

"ஆனா டாக்டர், அது கடிக்காதே" என்றார் மூர்த்தி. இன்னும் அதை விடவில்லை அந்த மனிதர்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். இந்தப் பூச்சி கடிக்க வேண்டியதில்லை. தொந்தரவு செய்தாலோ நசுக்கினாலோ அது விடும் நீரே போதும். பலருக்கு அது வெறும் நாற்றம்தான். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது பட்ட இடம் தடிக்கும், கண் அரிக்கும், மூக்கு ஒழுகும். சாம்பிராணி போட்டுப் பூச்சியைக் கிளப்பிவிட்டு, அடைத்த வீட்டுக்குள் புகையோடு சேர்த்து அதை மூச்சில் இழுத்தால் நெஞ்சு இறுகாமல் என்ன செய்யும்? இனிமேல் அடிக்கக் கூடாது. ஒரு அட்டையால் தள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் விழ வைக்க வேண்டும். கை பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். வெளியில் காயும் துணியை உதறி, உள்பக்கம் பார்த்துத்தான் உடுத்த வேண்டும். சன்னலுக்கு வலை அடித்து, இடுக்கை அடைத்து, வாசல் விளக்கைச் சீக்கிரம் அணைத்துவிட வேண்டும். மறுபடி உதடு வீங்கினாலோ மூச்சு இறுகினாலோ ஒரு நிமிடம் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும்.

"எல்லாவற்றுக்கும் முதலில் அந்தப் பந்தலைச் சுவரை விட்டு எடுங்கள்" என்றாள். பிரேமலாவின் தடிப்பு யாருக்கும் ஒட்டாது என்று ஒரு தாளிலும் எழுதிக் கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது பிரேமலாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நோய்க்குக் காரணம் தெரிந்துவிட்டது, வழியும் தெரிந்துவிட்டது. மூர்த்தி மறுநாளே வலை வாங்கி வந்தார். வாசல் விளக்கையும் மாற்றினார். பந்தலிடம் வந்ததும் மட்டும் கை நின்றுவிட்டது.

"பிரேமா, கோயில் திருவிழா அன்னதானத்துக்குக் காய் தர்றேன்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன். இப்பதான் பூ வுட்டிருக்கு. இந்த ஒரு அறுப்பு முடியட்டும்."

"மாசம் முடியப் போவுதுங்க."

"சாமி காரியம்மா. வலைதான் அடிச்சாச்சே, பூச்சி எங்கேர்ந்து வரப் போவுது?"

பூச்சிக்குச் சாமி காரியமெல்லாம் தெரியுமா என்ன? கதவைத் திறக்கும்போது வந்தது, அவருடைய சட்டையோடு ஒட்டிக்கொண்டு வந்தது, அவர் பறித்து வந்த காய்க்கட்டோடு வந்தது. முன்பு போல மோசமில்லை. ஆனால் கழுத்தில் மறுபடி சிவப்பு ஏறியது, அவளும் பள்ளிக்குப் போகிற நாளைத் தள்ளி வைத்தாள். அந்தச் சிவப்போடு போய் அந்தத் தாய்மார்களின் முன்னால் நிற்க அவளுக்கு மனமில்லை. பந்தலைப் பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அன்னதானத்தில் பயத்தங்காய்ப் பொரியல் பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் அதை இலையிலேயே ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

அறுப்பு முடிந்து பூச்சியும் குறைந்து, கழுத்து முழுவதும் தெளிந்து அவள் பள்ளிக்குப் போனபோது புது மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைச் சாந்தினி படித்தாள். படித்து முடித்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க மாசக் கடைசியில வரல, பேரண்ட்ஸ் ஆள் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. அந்தப் பொண்ண நிரந்தரமா எடுத்துட்டேன்க்கா. எடம் காலியானா மொதல்ல ஒங்களத்தான் கூப்புடுவேன், சத்தியமா."

வெளியே வரும்போது வாசலில் புதுப் பெண் ஒரு குழந்தைக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். இடது வலது மாறியிருந்தது. பிரேமலா குனிந்து மாற்றிவிடப் போனவள், கையை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து நிலம் வெறும் மண்ணாகக் கிடந்தது. மூர்த்தி வேர்த்து விறுவிறுத்து, வெட்டிய கொடிகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக எழுந்து நின்றார்.

"பாத்தியா, அடியோட எடுத்துட்டேன். இனிமே ஒரு பூச்சி வராது. நீ நாள் பூரா வீட்டுலயே நிம்மதியா இருக்கலாம்."

பிரேமலா வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

"ஆமாங்க" என்றாள். "இனிமே நாள் பூரா வீட்டுலதான்."