கிளியோத்தாவின் பன்னிரண்டு வருடம்

வெர்டெல் பஃபோர்டின் புத்தகங்கள் இரண்டு நியூயார்க்கில் அச்சாகிப் பரிசு வாங்கின. பல்கலைக்கழகத்து ஆட்கள் எங்கள் மிசிசிப்பி ஊருக்கே வந்து அவளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருடம் சோள ரொட்டி சுட்டவள் அவள். பரிசுகளைக் கண்டு நான் வாய் பிளக்கவில்லை. நான் வாய் பிளந்தது எங்கள் சபையைச் சேர்ந்த லூவீனியாவின் மகனை அடக்கம் செய்த அன்று.

வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு தேவாலயத்துக்கு வருபவர்களை உட்காரவைப்பது என் வேலை. சபையில் யார் செத்தாலும் அவர் வாழ்க்கைக் குறிப்பை வெர்டெல்தான் எழுதுவாள். அடக்கத்தன்று அதை அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுத்து, ஒருவர் சத்தமாக வாசிப்பார். பிறந்தார், மனந்திரும்பினார், மரித்தார் என்று மூன்று வரியில் முடிப்பது அவளுக்கு ஆகாது. செத்தவர் வீட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து, எதை விரும்பிச் சாப்பிட்டார், எதற்குச் சிரித்தார் என்று நோண்டி நோண்டிக் கேட்பாள்.

லூவீனியாவின் மகன் கிளியோத்தா பன்னிரண்டு வருடம் சிறையில் இருந்து அங்கேயே இறந்துபோனான்.

"வெளியூர்ல இருந்தான்னு போட்டுடுங்க, சிஸ்டர்" என்றார் பாஸ்டர்.

"பன்னெண்டு வருஷமும் அவன் மூச்சு விட்டுட்டுதானே இருந்தான், பாஸ்டர்? அதை நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

கேட்டதோடு நிற்கவில்லை. பஸ் பிடித்து அந்தச் சிறைக்கே போய், அவனோடு இருந்தவர்களிடம் பேசி, ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு வரியைக்கூட வெட்ட விடவில்லை. பாஸ்டர் அதை அப்படியே அச்சடித்துவிட்டு, மேலே 'மௌனமாக வாசிக்கவும்' என்று மட்டும் சேர்த்தார். வெட்கப்படும்படி ஏதாவது இருந்தால் எங்கள் சபையில் அதுதான் வழி. எல்லோரும் குனிந்து படித்துவிட்டு நிமிர்ந்துகொள்வார்கள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

அடக்க ஆராதனையில் அந்த நேரம் வந்ததும் ஆர்கன் மெல்ல ஒலிக்கத் தொடங்கியது. எல்லாத் தலைகளும் குனிந்தன. முன்வரிசையில் லூவீனியா மட்டும் எழுந்து நின்றாள்.

"எனக்கு மௌனமா வாசிக்கத் தெரியாது, பாஸ்டர். சத்தமாவும் தெரியாது. எனக்குப் படிக்கவே தெரியாது."

ஞாயிறுதோறும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பாடுகிறவள் அவள். அத்தனையும் மனப்பாடம் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவள் பிள்ளையின் கதை அங்கிருந்த எல்லோருக்கும் கிடைத்துவிட்டது, பெற்றவளைத் தவிர. எனக்கு வெட்கமாக இருந்தது.

வெர்டெல் யாருடைய அனுமதியையும் கேட்கவில்லை. பாடகர் வரிசையிலிருந்து இறங்கி வந்து, லூவீனியாவை உட்காரவைத்து, பக்கத்தில் அமர்ந்து வாசித்தாள். காய்ச்சலில் கிடந்தவனுக்குக் கிளியோத்தா தன் போர்வையைக் கொடுத்தது. சிறைச் சுவரோரம் யாருக்கும் தெரியாமல் வெண்டை விதைத்தது. காய்த்ததும், எங்கம்மா வறுக்கிற மாதிரி வராது என்று சொல்லிச் சொல்லியே அத்தனை பேரையும் ஏங்கவைத்தது. அவன் எங்கள் நடுவில் எழுந்து நடப்பது போல இருந்தது. ரொட்டி சுட்ட கையா இதை எழுதியது என்று மலைத்துப்போய் நின்றேன். பாஸ்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வாசித்து முடித்ததும் வெர்டெல் தாளை மடிக்கப் போனாள். லூவீனியா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வெண்டைக்கா வர்ற இடத்துலேருந்து இன்னொரு தடவை வாசி, கண்ணு."