திரும்பாதீங்க, மரைக்காரே

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இது நடந்தது. நடந்த ஆள் இன்னும் இருக்கிறார்.

பெயர் அப்துல் லத்தீப். காரைக்கால்காரர். கடலடி மண்ணை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். கல்லூரியில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார். ஆனால் கடலில் கால் வைக்க மாட்டார். மாணவர்கள் படகில் போய் மண் எடுத்து வருவார்கள். அவர் கரையில் நிற்பார்... அதுவும் அலை தொடாத தூரத்தில். ஏன் என்று ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார். அன்று கேட்டதைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஐம்பத்தாறாம் வருஷம், தை மாதம். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. லத்தீப்புக்கு வயது இருபத்தெட்டு. நான்கு வருஷமாக ஒரே ஆராய்ச்சி. அரசலாறு ஒரு காலத்தில் இப்போதைய கரையையும் தாண்டி ஓடியது, அதன் பழைய பள்ளம் கடலுக்கு அடியில் புதைந்து கிடக்கிறது என்பது அவர் கட்சி. அதைக் காட்டக் கடலடி மண்ணை அடுக்குக் கலையாமல் எடுக்க வேண்டும். நீளமான இரும்புக் குழாய், தலையில் ஈயக் குண்டு, அதில் கயிறு. கடலில் விட்டால் சேற்றில் குத்திக்கொண்டு இறங்கும். இழுத்தால் உள்ளே மண் அப்படியே நிற்கும். மேலே கடல் மணல், அடியில் ஆற்று வண்டல் என்று இருந்தால் அவர் ஜெயித்தார்.

எடுத்தும் வைத்திருந்தார். மண் நிறைந்த குழாய்கள் அவர் வாப்பா மதார் சாகிபின் சரக்குக் கிட்டங்கியில் இருந்தன. கார்த்திகை மாதம் புயல் வந்தது. கிட்டங்கிக்குள் இடுப்பளவு தண்ணீர். நான்கு வருஷ உழைப்பு ஒரே இரவில் வெறும் சேறாகிப்போனது.

ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியர் பங்குனியில் ஓய்வு பெறுகிறார். அடுத்து வருபவருக்கு இந்த ஆராய்ச்சியே பிடிக்காது. "மாசிக்குள்ள மண்ணு வரணும். வரலைன்னா என்னாலே ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வீட்டிலும் பொறுமை தீர்ந்திருந்தது.

"நாலு வருஷமாச் சேத்தை நோண்டுனே. என்னத்தைக் கண்டே?" என்றார் மதார் சாகிப். "அடுத்த மாசம் பினாங்குக்குக் கப்பல். அங்க உன் அண்ணன் கடையில போய் உக்காரு."

அன்று இரவு மனைவி மெஹர் பானு கேட்டாள்.

"கிடைக்கலைன்னா என்ன செய்வீங்க?"

"தெரியலை."

"அப்படிச் சொல்லாதீங்க... பயமா இருக்கு."

மறுநாள் கருக்களாச்சேரி மீனவர் குப்பத்துக்குப் போனார். ஒரு தோணி கிடைக்குமா என்று குடிசை குடிசையாகக் கேட்டார். யாரும் வரவில்லை. அந்தப் பள்ளத்தின் மேல் புயலுக்குப் பிறகு வலை போடுவதையே விட்டிருந்தார்கள்.

"புயல்ல போன சனம் பாதி இன்னும் கரை ஒதுங்கலைங்க" என்றார் தெட்சிணாமூர்த்தி என்ற பெரிய தோணிக்காரர். "அங்கதான் கிடக்குதுங்க. மண்ணுதானே? வேற எடத்துல அள்ளிக்குங்க."

வேறு இடத்து மண் உதவாது என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? லத்தீப் மணலில் உட்கார்ந்தார். ஒரு வளர்ந்த மனிதர், படித்தவர், பட்டப்பகலில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

யாரோ பக்கத்தில் வந்து குந்தினார்கள். பீடி வாசனை. சின்னப்பிள்ளை என்று ஒருவர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெண்டாட்டி பிள்ளை இல்லாத ஒண்டிக்கட்டை. சொந்தமாக ஒரு சின்னத் தோணி.

"அழுவாதீங்க மரைக்காரே. எனக்கு யாரு இருக்கா, நான் பயப்பட? நாளைக்கு விடியறப்ப வாங்க. போயிட்டு வந்துடலாம்."

விடியற்காலை. ஊரே தெரியாத அளவுக்குப் பனி. தோணியில் நான்கு குழாய்களை அடுக்கினார்கள்.

"நீங்க நடுவுல உக்காருங்க. நான் தள்ளிவிட்டு ஏறிக்கிறேன்" என்றார் சின்னப்பிள்ளை.

முதல் அலை தோணியைத் தூக்கியது. இரண்டாவது அலை தலைக்கு மேல் உடைந்தது. கண்ணெல்லாம் உப்பு. லத்தீப் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அலையைத் தாண்டிவிட்டிருந்தார்கள். முன்னால் அணியத்தில், தலையில் துண்டு கட்டி, முதுகைக் காட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். பனியில் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

சளக்... சளக்...

கொஞ்ச நேரம் கழித்துத்தான் லத்தீப் கவனித்தார். துடுப்புச் சத்தம் இரண்டாகக் கேட்டது. முன்னால் ஒன்று. பின்னால் ஒன்று.

பனியில் எதிரொலிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

முன்னால் இருந்தவர் துடுப்பை நிறுத்தினார். "இங்கதான்."

லத்தீப் ஒரு சின்ன ஈயக் குண்டைக் கயிற்றில் விட்டு ஆழம் பார்த்தார். ஏழு பாகம் இருக்க வேண்டிய இடத்தில் பத்து பாகம். பள்ளத்துக்கு நேர் மேலே நிற்கிறார்கள். இந்தப் பனியில் கரை அடையாளம் எதுவும் இல்லாமல் எப்படி...? சந்தோஷத்தில் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை.

முதல் குழாயை விட்டார். குத்திக்கொண்டு இறங்கியது. இழுத்தார். அசையவில்லை. முன்னால் இருந்தவர் திரும்பவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. லத்தீப் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார்.

கயிறு சட்டென்று இளகியது.

அவர் முதுகுக்குப் பின்னால் யாரோ அதே கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மூச்சு வாங்கும் சத்தம் பிடரியில் கேட்டது. தோணியில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணே..." என்றார் லத்தீப். "அண்ணே, பின்னாடி..."

முன்னால் இருந்த முதுகு அசையவில்லை.

"தெரியும். திரும்பாதீங்க, மரைக்காரே."

"யாரு அது?"

"இங்க கிடக்கிறதுல ஒண்ணு. மூஞ்சியப் பார்க்காத வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. உங்க வேலையப் பாருங்க."

குழாய் மேலே வந்தது. லத்தீப் அடைப்பானைச் செருகும்முன் அடிமுனையைப் பார்த்தார். கருப்பு வண்டல். ஆற்று வண்டல்! நான்கு வருஷமாக அவர் தேடியது.

அந்த நேரத்திலேயே கரைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அவருக்கும் தெரியும். ஆனால் ஒரு குழாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. நான்கும் வேண்டும். இல்லாவிட்டால் பினாங்கு. இல்லாவிட்டால் வாப்பாவின் அந்தப் பார்வை.

இரண்டாவது குழாயை விட்டார்.

மறுபடியும் பின்னாலிருந்து கைகள் இழுத்தன. ஈரக் கைகள். ஒரு முறை அவர் கையோடு உரசின. உதடு தானாகக் கலிமா சொன்னது.

மூன்றாவது.

பின்னாலிருந்து குரல் வந்தது. சின்னப்பிள்ளையின் குரல். அச்சு அசல் அதே குரல்.

"மரைக்காரே... யார்கிட்ட பேசுறீங்க?"

லத்தீப் முன்னால் இருந்த முதுகைப் பார்த்தார்.

முன்னால் இருந்தவர் மெதுவாகச் சொன்னார். "என் குரல்லதான் கூப்பிடும். திரும்பாதீங்க."

"மரைக்காரே, போதுங்க... கரைக்குப் போயிடலாம்... எனக்கு என்னமோ சரியாப் படலை..."

"பதில் சொல்லாதீங்க" என்றது முன்னால்.

அவர் பதில் சொல்லவில்லை.

நான்காவது குழாயை விட்டார்.

சேறு விடவில்லை. இழுத்தார். பின்னால் இருந்ததும் இழுத்தது. தோணி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே போனது...

குழாய் பிடுங்கிக்கொண்டு மேலே வந்தது. தோணி மறுபக்கம் புரண்டு ஆடியது.

தொபுக்!

பின்னால் எதுவோ தண்ணீரில் விழுந்தது.

"மரைக்காரே! கை குடுங்க!"

"குடுக்காதீங்க."

"மரைக்காரே! ஏங்க... ஏங்க திரும்ப மாட்டேங்குறீங்க!"

தோணியின் விளிம்பில் ஈர விரல்கள் வந்து பற்றின. அவர் இடுப்புக்குப் பக்கத்தில். சட்டையின் ஓரம் இழுபட்டது.

"அடிங்க" என்றது முன்னால்.

லத்தீப் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒரு குழாயைத் தூக்கினார்.

அடித்தார்.

ஓர் அலறல்.

விரல்கள் விட்டன.

பிறகு சத்தமே இல்லை.

தோணி நகர்ந்தது.

சளக்... சளக்...

இப்போது ஒரு சத்தம்தான். முன்னால் மட்டும்.

கரை வந்தபோது வெயில் இன்னும் ஏறவில்லை. முன்னால் இருந்தவர் அலையிலேயே இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் பனிக்குள் நடந்து போனார். லத்தீப் "அண்ணே! அண்ணே!" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. அவரும் பயந்துபோயிருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டார். மாட்டு வண்டி பிடித்துக் குழாய்களை ஏற்றினார். அன்று மாலையே பேராசிரியரைப் பார்க்க ரயில்.

அந்த நான்கு குழாய்களும் அவரைத் தூக்கி நிறுத்தின. மேலே ஒரு முழம் கடல் மணல். அடியில் ஆற்று வண்டல். இடையில் நாணல் வேரின் கரிய இழைகள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாராம். மறுவருஷம் பட்டம். அதற்கடுத்து விரிவுரையாளர் வேலை. ஐம்பத்தெட்டில் வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. ஆறு மாதம் நடுக்கடலில், கூட வேலை செய்பவர்களெல்லாம் உலகம் அறிந்த பெரியவர்கள். மதார் சாகிப் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கப்பல் ஏறும் முன் லத்தீப் ஊருக்கு வந்தார். சின்னப்பிள்ளையைப் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் பட்டமும் இல்லை, அன்று உயிரும் இல்லை. ஒரு நல்ல வேட்டி வாங்கிக்கொண்டு, மத்தியான வெயிலில் கருக்களாச்சேரிக்கு நடந்தார்.

சின்னப்பிள்ளை குடிசை நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ஆளைப் பார்த்ததும் எழுந்தார். முகம் வெளுத்துவிட்டது. லத்தீப்பைப் பார்க்கவில்லை. லத்தீப்புக்குப் பின்னால் பார்த்தார். பிறகு முன்னால், காலியாக இருந்த மணலைப் பார்த்தார்.

"ஒத்தையாத்தான் வந்தீங்களா, மரைக்காரே?"

லத்தீப் சிரித்தார். "வேற யாருண்ணே வருவா?"

அப்போதுதான் அந்த வலது கையைக் கவனித்தார். இரண்டு விரல்கள் கோணி மடங்கிக் கிடந்தன.

"கையில என்னண்ணே?"

"நீங்க அடிச்சதுதாங்க."

லத்தீப் கையிலிருந்த வேட்டிப் பொட்டலம் கீழே விழுந்தது.

"நான் பின்னாடிதானே இருந்தேன்" என்றார் சின்னப்பிள்ளை. கோபமே இல்லை அந்தக் குரலில். "தள்ளிவிட்டுப் பின்னாடிதான் ஏறினேன். அலையைத் தாண்டினதுலேர்ந்து நீங்க முன்னாடி பார்த்தே பேசிக்கிட்டு வந்தீங்க. கயிறு இழுக்க நான்தான் கை குடுத்தேன். கூப்பிட்டேன். கெஞ்சினேன். நீங்க திரும்பவே இல்லைங்களே."

"முன்னாடி... முன்னாடி நீங்க உக்காந்திருந்தீங்களே அண்ணே..."

"முன்னாடி யாருமே இல்லைங்க."

லத்தீப் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கடல் இரைந்துகொண்டிருந்தது.

"என்னை ஏன் வந்து கேக்கலை?" என்றார் கடைசியில்.

"என்னத்தைக் கேக்க? மறுநாள் நாகூர்த் தோணிக்காரங்க தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தாங்க. ஒரு மாசம் படுக்கை. எழுந்தப்ப நீங்க ஊர்ல இல்லை. வந்து கேக்கவும் பயம்... உங்க கூட இன்னும் அது இருந்தா?"

அன்று மாலையே லத்தீப் தபால் ஆபீசுக்குப் போய்க் கப்பலுக்கு வரவில்லை என்று தந்தி கொடுத்தார். காரணம் கேட்ட வாப்பாவுக்கும் சொல்லவில்லை, மெஹர் பானுவுக்கும் சொல்லவில்லை.

ஆனால் குடிசையை விட்டுக் கிளம்பும்போது சின்னப்பிள்ளை இன்னொன்று கேட்டார். இரண்டு வருஷமாக அவர் மனதில் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது.

"நான் விழுந்தப்ப துடுப்பும் என்கூடவே தண்ணியில விழுந்துச்சு, மரைக்காரே. அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தான் விடிய விடிய மிதந்தேன். தோணியில வேற துடுப்பு கிடையாது."

அவர் குரல் தாழ்ந்தது.

"உங்களை அது எதைத் துடுப்பாப் போட்டுங்க கரை சேர்த்துச்சு?"