சிவப்பு ரிப்பன் கட்டிய பக்கம்

"ரெண்டு கையாலயும் இழுக்காதீங்க!" விருந்தாளிகளைப் பார்த்ததும் என் நாத்தனார் சொல்கிற முதல் வார்த்தை இதுதான். வரவேற்பெல்லாம் அதற்கப்புறம். மடுல்கெல்லைக்கு மேலே, பழைய துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றிய இடத்தில், குதிரைச் சவாரி முழுக்க அவர் பொறுப்பில் இருந்தது. முற்றத்தில் ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மறு கையில் கடிவாள வாரைப் பிடித்தபடி அவர் நிற்பது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. சேணத்தில் பயந்து உட்கார்ந்திருக்கும் கொழும்பு ஐயாமாரையும் வெள்ளைக்காரப் பெண்களையும் சிங்களத்திலும் அரைகுறை இங்கிலீஷிலும் போட்டு அதட்டுவார். சும்மா நிற்கிற குதிரையை நிறுத்திக் காட்டச் சொல்லுவார். நிற்கிற குதிரையை எதற்கு நிறுத்துவது என்று அவர்கள் சிரிப்பார்கள். நிற்கும்போது செய்ய வராதது ஓடும்போது எப்படி வரும் என்று இவர் விடமாட்டார். கடைசிக் குதிரையில் வருவது என் வேலை. தினமும் அதே பாட்டைக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

எங்கள் குதிரைகளில் பாதிக்கு மேல் நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்தவை. இரண்டு வாரையும் சேர்த்து இழுத்தால், நிற்கச் சொல்வதாக அவற்றுக்கு விளங்காது. வாய்க்குப் பிடிமானம் கிடைத்துவிட்டதென்று அதில் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகத்தான் ஓடும். குதிரையோடு மனுசர் கயிறிழுத்து ஜெயிக்க முடியுமா? அதனால் ஒரு கை பிடரி மயிரை இறுக்கிப் பிடிக்க வேண்டும். மற்றக் கை ஒரு பக்கத்து வாரை மட்டும், இழுத்து, கொஞ்சம் விட்டு, மறுபடி இழுத்து, குதிரையின் தலையைத் திருப்ப வேண்டும். கழுத்து வளைந்தால் பின்கால்கள் ஒன்றையொன்று தாண்டும், ஓட்டத்தின் பலம் உடைந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் குதிரையே சரிந்து விழும். வித்தை இவ்வளவுதான். ஆனால் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இன்னொரு சங்கடம் இருக்கிறதே! ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எப்போதும் மலைப்பக்கம்தான் திருப்ப வேண்டும்.

அதற்காகத்தான் நாத்தனார் ஒவ்வொரு குதிரையின் வாரிலும் மலைப்பக்கமாக ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினார். இடது வலது சொன்னால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "பயந்தவளுக்கு மலையும் தெரியாது, பள்ளமும் தெரியாது. செவப்பு தெரியும்" என்றார். போகும்போது மலை இடது பக்கம். ரோடு முடிகிற இடத்தில் ஒரு மாதா சுருவம், சின்னக் கூட்டுக்குள் வைத்த மாதா சிலை, உண்டு. அங்கே இறங்கி, சிலுவை போட்டுக்கொண்டு, எல்லா ரிப்பனையும் அவிழ்த்து வலது பக்கம் மாற்றிக் கட்டிவிட்டுத்தான் திரும்புவார். வேறு யாரையும் கட்ட விடமாட்டார். நான் கட்டினால் முடிச்சு நிற்காதாம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். புருசனின் அக்கா, என்ன பேச முடியும்?

அன்றைக்கு அக்குறணையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. தாயும் தகப்பனும் ஹோட்டலிலேயே தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். மகளும் வேறு இரண்டு விருந்தாளிகளும் சவாரிக்கு வந்தார்கள். மகளுக்கு இருபது வயதிருக்கும், சொன்னதைக் கவனமாகக் கேட்கிற பிள்ளை. சுருவத்தடிக்குப் போனபோது மழை இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து மேனேஜர் போன் எடுத்து, விருந்தாளிகள் நனையாமல் வர வேண்டும், சாப்பாடு ஆறுகிறது என்று கத்தினார். நாத்தனார் போனைக் காதில் வைத்துக்கொண்டே சிலுவை போட்டார், ஏறினார், "வாங்க வாங்க" என்று முன்னால் போனார். ரிப்பன்கள் இடது பக்கமே இருந்தன.

பாதி வழியில் குளவி கிளம்பியது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்குக் குளவியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் குதிரைக்குத்தான் முதல் கொட்டு. அது என் முன்னாலிருந்து பாய்ந்து, மற்றவர்களைத் தாண்டி ஓடியது. ஐயோ, அந்தப் பிள்ளை படித்த பாடத்தை அப்படியே செய்தது! ஒரு கையால் பிடரியைப் பிடித்தது, சிவப்பைத் தேடியது, இழுத்தது. குதிரையின் தலை பள்ளத்தை நோக்கித் திரும்பியது. முன்னால் போன நாத்தனார் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். யோசித்திருக்க நேரமில்லை. தன் குதிரையைப் பள்ளத்து ஓரத்துக்கு ஒதுக்கி, நடுவில் சுவர் போல நிறுத்தினார். வந்த குதிரை மோதி நின்றது. இவரும் இவர் குதிரையும் தேயிலைக்குள் உருண்டார்கள். குதிரை எழும்பிவிட்டது. இவர் எழும்பவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மேனேஜர் பழப்பையோடு வந்தார். அந்தக் குடும்பமும் வந்தது. விருந்தாளி பயத்தில் தவறான பக்கம் இழுத்துவிட்டார், எங்கள் ஆள் உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார் என்று மேனேஜர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். சுகமானதும் ஆபீஸில் கதிரை போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகவும் சொன்னார். எனக்கு நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. அந்தப் பிள்ளை மட்டும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதது. "நான்தான் பிழையா இழுத்துட்டேன் ஆன்ட்டி. என்னாலதான் உங்களுக்கு இப்படி..."

"நீ சரியாத்தாம்மா இழுத்த" என்றார் நாத்தனார். "ரிப்பன மாத்திக் கட்டாதது நான்."

மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. மருந்து மயக்கத்தில் பேசுகிறார் என்று அவர் சமாளிக்கப் பார்த்தார். இவர் விடவில்லை. சுருவத்தடியில் நடந்ததை முதலிலிருந்து, நிதானமாக, அந்தப் பிள்ளைக்கு விளங்குகிற மாதிரி சொன்னார். தகப்பன்காரர் மகளைத் தோளோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். ஆபீஸ் வேலை என்ற பேச்சு அன்றோடு முடிந்தது. கொஞ்ச நாளில் குதிரைகளையும் விற்றுவிட்டார்கள். நான் அதே ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவப் போனேன்.

இப்போது அவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, கிளினிக் நாளில் த்ரீவீலரில் ஏற்றுவது, அங்கே வரிசையில் நிற்பது, எல்லாம் நான்தான். அலுத்துப்போகிறது. சொல்ல வெட்கமில்லை, அலுத்துத்தான் போகிறது. போன கிழமை கிளினிக் போய் வந்த பின்னேரம், அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இத்தனை வருசமாக அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அன்னைக்கு வாயப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா என்ன மதினி? ஆபீஸ்ல மகராசியா ஒக்காந்திருக்கலாம்ல? ஒங்கள யாராச்சும் கேட்டாங்களா?"

கத்துவார் என்று நினைத்தேன். சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பவேயில்லை.

"அந்தப் புள்ள காலத்துக்கும் தூங்க வேணாமா?"

"ஆமா, நீங்க ரொம்பத் தூங்குறீங்க! விடிய விடிய முழிச்சுக் கெடக்குறது எனக்குத் தெரியாதா?"

"அது இடுப்பு வலிடி" என்றார். "வேற ஒண்ணுமில்ல. தேய்."