தீட்டில்லாத மூன்று நாள்

வேங்கடலக்ஷ்மிக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆயிற்று என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவள் இல்லை, நாத்தனார் கோதை. திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் இருவருக்கும் அடுத்தடுத்த வீடு. லக்ஷ்மி மாதம் மூன்று நாள் ஒதுங்கி உட்காரும்போதெல்லாம் முப்பது வருஷமாக வந்து அடுப்படியில் தளிகை செய்துவிட்டுப் போனவள் கோதைதான். கூப்பிடாத மாதங்களை அவள் எண்ணாமல் வேறு யார் எண்ணுவார்கள்?

"அயிப்போயிந்தி! எல்லாம் முடிஞ்சுது" என்றாள் கோதை. "இனிமே நீ நித்ய மடிடி. பெருமாள் கைங்கர்யத்துக்கு ஒரு நாள்கூட தடை கிடையாது. கொடுத்து வெச்சவ."

லக்ஷ்மியின் கணவர் தோதாத்ரி கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவர். அக்கா சொன்னதைக் கேட்ட மறுநாளே கோஷ்டியில் அறிவித்துவிட்டு வந்தார். வருகிற மார்கழி முப்பது நாளும் எட்டுப் பேருக்குக் காலைத் தளிகை அவர் வீட்டில். மூன்று நாள் இடைஞ்சலால் இத்தனை வருஷம் தள்ளிப்போன ஆசை அது. லக்ஷ்மியை யாரும் கேட்கவில்லை. ஒருத்திக்குக் கிடைத்த கௌரவத்தை வேண்டுமா என்று யார் கேட்பார்கள்? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. உண்மையாகவே அதைக் கௌரவம் என்று நம்பினார்கள்.

அவளுக்கு வந்துகொண்டிருந்த சூட்டை மட்டும் யாரும் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் கிளம்பி, கழுத்து வழியாக முகத்துக்கு ஏறும். காது மடல் எரியும். மூன்று நிமிஷத்தில் ரவிக்கை நனைந்துவிடும், அதன்பின் குளிர் எடுக்கும். ஒரு நாளைக்கு ஏழு முறை. அதுவும் மடிப் பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் மூடிய தளிகையுள்ளில், சாத்துமது என்கிற ரசம் கொதிக்கும் அடுப்புக்கு முன்னால்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் தெலுங்கில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இந்த வயதில் வருவதுதான், பயம் வேண்டாம், தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. முதலில் எப்போது வருகிறது என்று எழுதிவையுங்கள், ஓய்வு எடுங்கள் என்றார். லக்ஷ்மி தினம் கிழிக்கும் நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். இருபது நாளில் விஷயம் தெளிந்தது. கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி. பட்டுப்புடவை. மிளகுச் சாத்துமது. பதினொரு மணிக்கு மேலும் அடுப்படியில் நிற்பது. இரண்டு தாள்களில் வேறு காரணம் எதுவும் இல்லை, "கோதை அக்கா" என்று மட்டும் இருந்தது.

ஒவ்வொன்றாக மாற்றினாள். இரண்டாம் காபி போய் மோர் வந்தது. முதல் காபியை ஆறவைத்துக் குடித்தாள். அது காபியே இல்லை என்பது அவள் அபிப்பிராயம், இருந்தும் குடித்தாள். பட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, பருத்திப் புடவையை நனைத்துக் கொடியில் யாரும் தொடாத உயரத்தில் உலர்த்தி, அதை மடியாக உடுத்தினாள். மிளகைப் பாதியாக்கினாள். சாயங்காலம் மாடவீதியை வேகமாக இரண்டு சுற்று நடந்தாள்.

"இது பிரதக்ஷிணமா, ஓட்டப்பந்தயமா?" என்று கோதை வாசலில் நின்று கேட்டாள்.

"கூட வாங்கோ, தெரியும்" என்று சொல்லிக்கொண்டே லக்ஷ்மி தாண்டிப் போனாள்.

பெரிய சண்டை ஜன்னலுக்காக நடந்தது. பெருமாள் கண்டருளும் முன் தளிகையை வெளியார் கண் பார்க்கக்கூடாது என்று மாமனார் காலத்தில் ஆணி அடித்து மூடிய ஜன்னல் அது. லக்ஷ்மி குறடு எடுத்து, நான்கு ஆணிகளையும் தானே பிடுங்கி, ஈரத்துண்டு ஒன்றைக் குறுக்கே தொங்கவிட்டாள்.

"காத்துல துண்டு விலகி, தெருவுல போறவா பாத்துட்டா?" என்று பதறினாள் கோதை.

"பாத்தா பசிக்கும், அக்கா. உள்ள கூப்பிட்டு ஒரு வாய் போடுவோம்."

ஏழு முறை வந்தது மூன்றாகவும் நான்காகவும் குறைந்தது. நின்றுவிட்டது என்று எழுதினால் பொய். டாக்டரம்மா சொன்னதில் ஓய்வு மட்டும் பாக்கி இருந்தது. யோசித்தபோதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. முப்பது வருஷத்தில் அந்த வீடு அவளுக்குக் கொடுத்த ஓய்வு அந்த மூன்று நாள்தான். அதையும் ஓய்வு என்று கொடுக்கவில்லை, தீட்டு என்று கொடுத்தது. தீட்டு போனதும் அதுவும் கூடவே போய்விட்டது. களைத்தவள் உட்காருவதற்கு அசுத்தமானவளாக இருந்தாக வேண்டுமா?

மார்கழிக்கு ஒரு வாரம் முன்னால், தோதாத்ரி மளிகைச் சாமான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார். கோதையும் இருந்தாள்.

"ஏன்னா, மார்கழில பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு தேதி நான் தளிகையுள்ளுக்குப் போமாட்டேன்" என்றாள் லக்ஷ்மி. "அப்புறமும் மாசாமாசம் மூணு நாள்."

அவர் நிமிர்ந்தார். "மறுபடியும் வந்துடுத்தா?"

"வரலை."

"தீட்டே இல்லாம எப்படிடி உக்காருவே?" என்றாள் கோதை.

"நாற்காலியில, அக்கா."

"கோஷ்டியில சொல்லிட்டேனே, எட்டுப் பேர்..."

"சொன்னது நீங்கதானே? இருபத்தேழு நாள் நான் பண்றேன். அந்த மூணு நாள் நீங்க பண்ணுங்கோ. நீங்க பொறந்ததுலேர்ந்து நித்ய மடிதானே? ஒருத்தரும் அதுக்காக உங்களைக் கரண்டி பிடிக்கச் சொல்லலையே."

நாலாயிரம் பாசுரமும் மனப்பாடமாக வைத்திருந்த மனிதர் மனசுக்குள் அத்தனையையும் ஒரு முறை புரட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சம்பிரதாயத்துல இல்லை" என்றார் கடைசியில்.

"இல்லேன்னா இப்போ ஆரம்பிச்சுக்கலாம்."

"இந்தக் கூத்துக்கு என்னைக் கூப்பிடாதேங்கோ" என்று கோதை எழுந்து போனாள்.

மார்கழி பதினொன்றாம் தேதி காலை, லக்ஷ்மி கூடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தோதாத்ரியின் கையில் பாத்திரங்கள் உருண்டன. சற்று நேரத்தில் பொங்கல் அடிப்பிடிக்கும் வாசனை வந்தது.

"லக்ஷ்மி! ஒரு நிமிஷம் வந்து பாரேன்!"

அவள் குதிகால் தானாகவே எழும்பியது. எட்டுப் பேர் இலை முன் உட்காரும் நேரம். இன்றைக்கு ஒரு நிமிஷம் போனால் அடுத்த மாதம் இந்த மூன்று நாள் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுப்பைத் தணிச்சுட்டு, அடியைக் கிளறாம மேலாக எடுங்கோ" என்று இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள்.

அதே சமயம் நெஞ்சில் சூடு கிளம்பியது. பதறவில்லை. தலைப்பைத் தளர்த்திக் கண்ணை மூடி, அதை முகம்வரை ஏற விட்டு, இறங்கவும் விட்டாள். உள்ளே பந்தி ஆரம்பித்துவிட்டது.

"என்ன ஸ்வாமி, பொங்கல் தீஞ்ச வாசனை வரதே?" என்றார் கோஷ்டியில் மூத்த ரகுநந்தன் ஸ்வாமி. "மாமி ஆத்துல இல்லையா? உடம்பு ஏதாவது?"

தோதாத்ரி கரண்டியோடு நின்றார். ஒதுங்கியிருக்கிறாள், தூரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். அந்த வார்த்தை அவர் வாயில் வருவதற்குள் கூடத்திலிருந்து லக்ஷ்மியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"உடம்பு நன்னா இருக்கு ஸ்வாமி. உக்காந்திருக்கேன். நாளைக்கும் நாளன்னைக்கும் இவர்தான் பண்றார். கொஞ்சம் தாமதமா வாங்கோ, இவருக்குக் கை பழகலை."

பிறகு தோதாத்ரி, "சாத்துமது சாதிக்கட்டுமா?" என்று பரிமாற அடுத்த இலைக்குக் குனிந்தார்.