செல்லம்மாவின் கழிவுநூல் கூறைச்சேலை

செல்லம்மா போய்விட்டாள்...

சேலத்திலிருந்து அவள் மகன் நேற்று போன் செய்தார். மதியம் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்தவள், எழுந்திருக்கவில்லையாம்.

இங்கே என்னை ஃபாலோ செய்பவர்களுக்கு என் கோலமும் ஊறுகாய் ரெசிபியும் தெரியும். செல்லம்மாவைத் தெரியாது. தொண்ணூறு தாண்டிய விரல்கள், அதனால் போனிடம் பேசித்தான் டைப் செய்கிறேன். தப்பு இருந்தால் போனைத் திட்டுங்கள்.

குமாரபாளையத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு வீட்டிலும் தறி. அவள் அப்பா நெய்வார், அவள் நூல் சுற்றித் தருவாள். ஆனால் அவர் காப்பி குடிக்க எழுந்தால் போதும்... தறிக்குழியில் இவள் இறங்கிவிடுவாள்.

நாற்பதுகள். உலகப்போர் முடிந்தும் நூல் கண்ட்ரோல் முடியவில்லை, அரசாங்கம் அளந்து கொடுத்தால்தான் நூல். தெருவில் பாதித் தறிகள் சும்மா நின்றன.

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை சேலத்தில் நெசவாளி. கூறைச்சேலையை அவர்கள் தறியிலேயே நெய்வதாகப் பேச்சு.

அவர்களுக்கும் நூல் கிடைக்கவில்லை. கடைச் சேலையில் அவர்கள் வீட்டுக் கல்யாணம் நடந்ததே இல்லையாம். தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள்.

அவள் அப்பா இடிந்துபோய் உட்கார்ந்தார். இதற்கு முன் அவளுக்கு அப்படித் தள்ளிவைத்த ஒரு சம்பந்தம் கடைசியில் முறிந்தே போயிருந்தது.

செல்லம்மா என் வீட்டுக்குள் வந்தாள். "நூலு வந்து, சேலை நெய்ஞ்சு, இவிய நாளுப் பாக்கறதுக்குள்ள எனக்கு நரையே வந்துரும். வா புள்ள, கூடையை எடு."

அவள் வீட்டுத் தறியில் ஒரு சிவப்புப் பாவு ஏற்றியபடியே நின்றிருந்தது. நீளவாக்கில் நூல் தயார். குறுக்கே ஓட்டத்தான் நூல் இல்லை.

நெசவுக்காரர் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டை கழிவுநூல் இருக்கும். துணியை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சும் நுனிகள், குழலில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சங்கள்... பூக்கட்டவும் விளக்குத் திரிக்கும் ஆகும்.

வீடு வீடாகப் போனோம்.

"எதுக்கு சாமி இந்தக் குப்பை?"

"என்ற கண்ணாலச் சேலைக்குங்க."

சிரித்துக்கொண்டே அள்ளிப் போட்டார்கள். கைலி நெய்கிற வீட்டில் நீலம், துண்டு நெய்கிற வீட்டில் பச்சை, எங்கள் வீட்டில் மாம்பழ மஞ்சள்.

பிறகு முடிச்சு. நுனியோடு நுனி சேர்த்து முடிச்சு, மறுபடி முடிச்சு... தெருப் பெண்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது பேசிய கதைகளை இங்கே எழுதினால் என் அக்கௌண்ட்டை மூடிவிடுவார்கள்.

அவள் அப்பாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "முடிச்சு நூலுல கூறைச்சேலையா? ஊரே சிரிக்கும் கண்ணு."

"சிரிக்கட்டுமுங்கப்பா. கண்ணாலத்துல சிரிக்காம வேறெங்க சிரிப்பாங்க?"

அவர் மறுநாள் காலையில் தறியில் உட்காராமல், அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றார்.

முடிச்சு வரும் இடமெல்லாம் நிறுத்துவாள். விரல் நுனியால் அதைப் பின்பக்கம் தள்ளிவிட்டுத்தான் அடுத்த இழை. நாள் முழுக்க நெய்தாலும் ஒரு முழம் தேறுவது கஷ்டம். விரலெல்லாம் சிவந்துபோனது. பாட்டு மட்டும் நிற்கவில்லை, சுதியும் சேரவில்லை!

சேலை முடிந்ததும் சேலத்துக்குச் சொல்லி அனுப்பினார் அவள் அப்பா. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள்.

அந்த அம்மா சேலையை விரித்துப் பார்த்தார். பட்டை பட்டையாக அத்தனை நிறம்.

"என்ன புள்ள இது... தெருவையே சுருட்டிச் சேலையாக்கி வெச்சிருக்கறே?"

அவள் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாப்பிள்ளை சேலையை வாங்கி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். முன்பக்கம் தடவினார். திருப்பிப் பின்பக்கம் தடவினார்.

"முடிச்சு அத்தனையும் பொறகால தள்ளி நெய்ஞ்சது ஆருங்க?"

"நாந்தானுங்க." முதல்முறையாக அவள் குரல் சின்னதாக வந்தது.

அவர் அம்மாவிடம் திரும்பினார். "இதே இருக்கட்டுமுங்கம்மா. சொன்ன நாள்லயே வெச்சுக்கலாம்."

அந்த அம்மா சேலையை மறுபடி வாங்கி மடித்தார். பிறகு மெதுவாக, "மிச்ச நூலு ஏதாச்சும் இருக்குதா?" என்றார்.

கல்யாணமாகிப் போய் செல்லம்மா நெய்த முதல் சேலை மாமியாருக்குத்தான்.

முகூர்த்தத்தின்போது மணமேடைக்குக் கீழே ஒரே சத்தம். "அதா பாரு, அந்த நீலம் என்ற ஊட்டு நீலம்!" "முந்தியில இருக்கறது எங்களுது!" மேளத்தை மீறிக் கேட்டது.

நூல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்த பிறகும் அவள் விடவில்லை. தொட்டில் துணி, போர்வை, கல்யாணச் சேலை... எல்லாம் கழிவுநூல். இப்போது மருமகள் நெய்கிறாள். போன தீபாவளிக்கு எனக்கு ஒன்று கேட்டேன், "க்யூவுல நில்லு" என்று வீடியோ காலில் சிரித்தாள் செல்லம்மா.

நேற்றிலிருந்து எனக்குத் திரும்பத் திரும்ப வருவது கல்யாணத்துக்கு மறுநாள்தான்.

அவளைச் சேலத்துக்கு பஸ் ஏற்றிவிடப் போனோம். பெட்ரோல் தட்டுப்பாடு, பஸ் எல்லாம் கரியில் ஓடிய காலம். நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். பஸ் கிளம்பவில்லை. மறுபடி அழுதோம். கண்டக்டர் பின்னால் நின்று கரி அடுப்புக்குக் காற்று விடும் சக்கரத்தைச் சுற்றினார், அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்போதும் கிளம்பவில்லை.

ஜன்னலில் தலையை நீட்டினாள் செல்லம்மா.

"அழுது முடிச்சாச்சுன்னா எல்லாரும் வந்து கொஞ்சம் தள்ளுங்க!"

தெருவே சிரித்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளினோம். ஒரு உறுமல் போட்டு பஸ் நகர்ந்தது. தூசியில் அவள் ஆட்டிய கை மட்டும் தெரிந்தது.

நல்லாப் போயிட்டு வா புள்ள...